பல கட்டி தெரிந்தால் பரவிய புற்றுநோய்தானா?

நுரையீரலிலும் கல்லீரலிலும் பல இடங்களில் கட்டிபோலத் தெரிந்தால் "பரவிடுச்சு" என்று உடனே சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது உண்மைதான். எப்போதும் உண்மை என்று எடுத்துக்கொள்வதையே மறுக்கிறேன்.

ஹெச்.ஹெச்.டி. என்ற பரம்பரை ரத்தநாளக் கோளாறில் தமனியும் சிரையும் இடையில் தந்துகிகள் இல்லாமல் நேரே இணைந்துவிடும். தமனியின் அழுத்தத்தால் அந்த இடம் உப்பும். நுரையீரல் சி.டி.யில் அது உருண்டைப் புள்ளி. உற்றுப் பார்த்தால் ஒரு குழாய் உள்ளே நுழைவதும் இன்னொன்று வெளியேறுவதும் தெரியும். கல்லீரலில் ரத்த ஓட்டம் தாறுமாறாவதால் புற்றல்லாத முடிச்சுகளும் வளரும்; மற்றவர்களைவிட இவர்களிடம் அவை சுமார் 100 மடங்கு அதிகம்.

"பயாப்ஸி எடுத்தால் தெரிந்துவிடுமே" என்பார்கள். எனக்கு மிகவும் அச்சம் தரும் வாதம் இதுதான். ரத்தம் பீறிட்டு ஓடும் இடத்தில் ஊசி குத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெச்.ஹெச்.டி. இருப்பவர்களுக்குக் கல்லீரல் பயாப்ஸியைத் தவிர்க்கவே சர்வதேச மருத்துவ நெறிமுறைகள் சொல்கின்றன. டாப்ளர் ஸ்கேனும், சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் விடை தரும்.

அரிய நோய் என்பதும் சமாதானமாகாது. ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு என்றால், ஒரு கோடிப் பேரில் 2,000 பேர்.

"பரம்பரை நோயென்றால் முன்பே தெரிந்திருக்காதா?" தெரிந்துதான் இருக்கும், வேறு பெயரில். இந்நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மூக்கில் ரத்தம் வடியும். நம் வீடுகளில் அது "சில்லுமூக்கு உடைஞ்சிருச்சு, உடம்புச் சூடு" என்பதோடு முடிந்துபோகும். கவனிக்க வேண்டியவை நான்கு: அடிக்கடி மூக்கில் ரத்தம். உதடு, நாக்கு, விரல்நுனியில் சிவப்புப் புள்ளிகள். உள்ளுறுப்புகளில் ரத்தநாளக் கோளாறு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இதே நோய். 2000-இல் வெளியான குரசாவ் அளவுகோலின்படி இந்த நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி. இதில் பெரும்பகுதியை ஐந்து நிமிடம் பேசியும், உதட்டையும் விரலையும் பார்த்துமே அறியலாம்.

"ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவருக்கு வேறென்ன வரும்?" ஹெச்.ஹெச்.டி. உள்ளவருக்கும் மார்பகப் புற்றுநோய் வரலாம். மார்பகத்தோடு நிற்கும் நோயை நான்காம் கட்டம் என்று முத்திரை குத்தினால், குணமாக்கக்கூடிய சிகிச்சையே கைநழுவும். நுரையீரலில் இருக்கும் உண்மையான கோளாறும் கவனிக்கப்படாது. அதன் வழியே ரத்தக்கட்டியோ கிருமியோ மூளைக்குப் போய்ப் பக்கவாதமோ சீழ்க்கட்டியோ வரலாம். அந்தக் குழாயைச் சுருள்கம்பி வைத்து அடைக்க முடியும். பெற்றோரில் ஒருவருக்கு ஹெச்.ஹெச்.டி. இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. அவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.