மழைக்காலத்துத் தேன்கூட்டைக் கொளுத்தலாமா?

லயத்துச் சுவரிலோ பள்ளிக் கூரையடியிலோ தேன்கூடு தென்பட்டால், நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது மண்ணெண்ணெய்ப் பந்தமே. நாங்களும் அதற்கு விலக்கல்லோம். முன்பொருமுறை சிறுவன் ஒருவனைத் தேனீ கொட்டிவிட்டதென்று, விறகுக் கொட்டகையிலிருந்த கூட்டைக் கொளுத்தச் சொன்னவர்கள் நாங்களே. அதுவும் அடைமழைக் காலத்தில். மறுநாட்காலை, கருகிக் கிடந்த அடைகளைக் குழந்தைகள் ஒன்றும் பேசாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் மறக்கவில்லை.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் தேனீக்கள் பந்துபோல் திரண்டு, சிறகுத் தசைகளை அதிரச் செய்து சூடு உண்டாக்கி, சேர்த்து வைத்த தேனை உண்டே உயிர் தாங்குகின்றன. அவ்வேளையில் மரம் சாய்ந்து கூடு பிளந்தால், பிறர் உதவியின்றி அவை பிழைப்பது அரிது. நம் நாட்டில் பனி ஏது எனலாம். வடகிழக்குப் பருவமழையே நம் தேனீக்களின் பனிக்காலம். விடாமழை நாளில் பால்மரம் வெட்டப் போக இயலாத தொழிலாளிக்கு நேர்வதே அவற்றுக்கும் நேர்கிறது. வேலையில்லை, இருப்பதைக் கொண்டு காலந்தள்ள வேண்டும். மழை ஓய்ந்து, பால்மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கையில் இலைக்காம்பின் நுனியில் இனிய நீர் சுரக்கும். அந்த நாளை அவை காணட்டும் என்றே நாங்கள் கேட்கிறோம்.

இவ்வாண்டு மழையில் பழைய பலாமரம் ஒன்று சாய்ந்தது. அதன் பொந்தில் ஒரு கூட்டம் நனைந்துகொண்டிருந்தது. தேனீ வளர்ப்பில் பழகிய பெற்றோர் ஒருவர், மழை விட்ட மாலைப்பொழுதில் முகத்துக்கு வலை கட்டி, தேங்காய் மட்டைப் புகையிட்டு, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தார். புழுவுள்ள அடைகளைத் தலைகீழாகாமல் மரச்சட்டங்களில் வாழைநாரால் கட்டினார். இராணியைப் பெட்டிக்குள் விட்டதும் மற்றவை தாமாகவே பின்சென்றன. தேனடையில் பாதியை அவற்றுக்கே விட்டோம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் அது மீட்பன்று, கொள்ளை. பசி வந்தால் இவ்வினம் பெட்டியையே துறந்து பறந்துவிடும். ஆதலால் சீனிப்பாகும் வைத்தோம்.

எல்லாக் கூட்டிலும் கைவைக்கலாம் என்று சொல்ல வரவில்லை. துவாலாங் மரத்தில் தொங்கும் மலைத்தேனீ பெட்டியில் தங்காது. அருகே போவதும் ஆபத்து. குளவிக்கூட்டை உரிய துறையினரிடமே விட்டுவிட வேண்டும். பொந்திலும் சுவரிடுக்கிலும் அடுக்கடுக்காய் அடைகட்டும் சிறு தேனீயைப் பற்றியே பேசுகிறோம்.

செம்பனைக்குத் தேனீ எதற்கு என்பாரும் உளர். மெய்தான், கெமரூனிலிருந்து கொணர்ந்து 1981-இல் விடப்பட்ட சிறு வண்டே அவ்வேலையைச் செய்கிறது. ஆனால் நம் கொல்லையில் பூசணியும் பாகலும் வெள்ளரியும் காய்ப்பது யாரால்?

பெட்டி இப்போது பள்ளித் தோட்டத்து மூலையில், எறும்பு ஏறாதபடி நீர்க்கிண்ணங்களில் கால்களை ஊன்றி நிற்கிறது. இன்னும் இரண்டு பெட்டிகள் வெறுமையாக உள்ளன. கூடு கண்ட பெற்றோர்கள் பந்தம் கட்டுமுன் பள்ளிக்கு ஆளனுப்புங்கள், மாலையில் வருகிறோம். மாணவச் செல்வங்களே, நீங்கள் மட்டும் தொலைவிலேயே நில்லுங்கள்.