ஒரு துகளை எடைபோட பத்து வருஷமா? டபிள்யூ போசான் சர்ச்சையும் நாம் பார்க்காமல் விட்ட இரண்டாவது செய்தியும்

2022 ஏப்ரலில், இயற்பியலே ஆட்டம் கண்டுவிட்டது என்கிற ரேஞ்சில் செய்திகள் பறந்தன. டபிள்யூ போசான் என்கிற துகள், இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கிறதாம். சுமார் இரண்டரை வருடம் கழித்து, 2024 செப்டம்பரில் இன்னொரு ரிசல்ட் வந்தது. கனமெல்லாம் இல்லை, எதிர்பார்த்த எடைதான் என்றது அது. முதல் செய்தியை ஷேர் செய்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்?

முதலில், இந்தத் துகள் நமக்கு எதற்கு? சூரியன் எரிய இது வேண்டும். இரண்டு புரோட்டான்கள் சேரும்போது அதில் ஒன்று நியூட்ரானாக மாறுகிறது. சூரியனின் வெப்பம் தொடங்குவது அங்கேதான். அந்த மாற்றத்தை நடத்திவைப்பது டபிள்யூ போசான். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1983-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே கார்லோ ரூபியாவுக்கும் சைமன் வான் டெர் மீருக்கும் நோபல் பரிசு.

இதன் எடை (பாடப்புத்தக மொழியில் நிறை) எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஸ்டாண்டர்டு மாடல் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அளந்து பார்த்தால் அந்தக் கணக்கு இடிக்கிறது என்றால், நமக்குத் தெரியாத ஏதோ ஒரு புதுத் துகள் பின்னால் ஒளிந்திருக்கலாம். பரபரப்புக்குக் காரணம் இதுதான்.

வித்தியாசம் எவ்வளவு? மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகை ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாடல் சொல்வது 80 கிலோ 357 கிராம். அமெரிக்காவில் சிகாகோ அருகே ஃபெர்மிலேபில் இருந்த டெவட்ரான் மோதுகலனின் டேட்டாவை வைத்து சிடிஎஃப் குழு சொன்னது 80 கிலோ 433 கிராம்; பிழை 9 கிராம் முன்னே பின்னே. அதாவது 80 கிலோ ஆளிடம் 76 கிராம் கூடுதல். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தராசே 9 கிராம் வரைதான் தவறும் என்றால், 76 கிராமை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது.

அளப்பதுதான் பெரிய தலைவலி. டபிள்யூ போசான் பிறந்த மறுகணமே உடைந்துவிடும். பெரும்பாலும் இவர்கள் பார்ப்பது, அது ஒரு மியூவானாகவும் ஒரு நியூட்ரினோவாகவும் உடைகிற மோதல்களை. நியூட்ரினோ கருவியில் சிக்கவே சிக்காது, நழுவிப் போய்விடும். கையில் மிஞ்சுவது மியூவான் மட்டும். காந்தப்புலத்தில் அது எவ்வளவு வளைந்து போகிறது என்று பார்த்து, லட்சக்கணக்கான மோதல்களைச் சேர்த்து, எடையை ஊகிக்க வேண்டும். அந்த வளைவை அளப்பதில் துளி பிசகினாலும் விடை மாறிவிடும். கடைக்காரர் எடைக்கல் வைத்துத் தராசைச் சரிபார்ப்பதுபோல, ஏற்கெனவே எடை தெரிந்த வேறு துகள்களை வைத்துக் கருவியைச் சரிபார்க்கிறார்கள். வருடங்கள் கரைவது இந்த வேலையில்தான்.

டெவட்ரானை 2011 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். ரிசல்ட் வெளியானது 2022-ல்! நடுவில் டியூக் பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் கோத்வால் தலைமையில் பல பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுமார் 40 லட்சம் டபிள்யூ மோதல்களை அலசினார்கள். அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு. உண்மையான விடை தெரிந்தால் மனசு அந்தப் பக்கம் சாயும் என்று, யாருக்கும் தெரியாத ஒரு எண்ணைக் கம்ப்யூட்டரே விடையோடு கூட்டி மறைத்துவிட்டது. 2020 நவம்பரில்தான் திரையை விலக்கினார்கள்.

அடுத்து செர்ன். அங்கே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்எச்சி மோதுகலனில் இயங்கும் சிஎம்எஸ் குழுவும் விடையை மறைத்து வைத்தே அளந்தது. 2016-ல் எடுத்த டேட்டாவிலிருந்து 10 கோடிக்கும் மேற்பட்ட டபிள்யூ மோதல்கள். விடை: 80 கிலோ 360 கிராம், பிழை 10 கிராம். மாடலோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. 2023-ல் அட்லஸ் குழு தன் பழைய டேட்டாவை மறுபடி அலசிச் சொன்னதும் இதே பக்கம்தான். (சிஎம்எஸ்ஸில் நம்ம சென்னை ஐஐடியும் ஒரு உறுப்பினர்.)

அப்போ சிடிஎஃப் சொன்னது தப்பா? தனித்து நிற்கிறது என்று சொல்லலாம். எங்கே தவறியது என்று யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை. அதனால் அந்தக் குழுவைக் கிண்டல் செய்வது அநியாயம். தங்கள் எண்ணையும் பிழையையும் முறையையும் மேஜையில் வைத்தார்கள், மற்றவர்கள் சரிபார்த்தார்கள். கோபம் வர வேண்டியது செய்தி சொன்ன விதத்தின் மீது. ஒரே ஒரு குழுவின் அளவீட்டை இறுதித் தீர்ப்பு மாதிரி தலைப்பாக்கிவிட்டு, மறு அளவீடு வந்தபோது ஓரத்தில் நாலு வரி. வாசகர் மனசில் மிஞ்சுவது என்ன? விஞ்ஞானிகள் இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க என்பதுதான். இந்த நினைப்பு துகளோடு நிற்காது. தடுப்பூசி, பருவநிலை என்று எல்லாவற்றுக்கும் பரவும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கருவியைச் சரிபார்ப்பதிலேயே ஐந்தாறு வருடம் பிஎச்டி செய்கிற மாணவருக்கு, புதுத் துகள் கிடைத்தால் உலகமே கைதட்டும். பழைய கணக்கு சரிதான் என்று விடை வந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கூடக் கிடையாது. நிதி ஒதுக்குகிறவர்களும் இதே கண்ணோடு பார்த்தால், மறுபடி அளந்து பார்க்க ஆளே மிஞ்ச மாட்டார்கள்.

2024-ல் வெளியிட்ட அளவீட்டுக்கு சிஎம்எஸ் பயன்படுத்தியது 2016 டேட்டாவில் ஒரு பகுதியை மட்டும்தான். 2017, 2018-ல் சேர்த்ததை அந்த அளவீட்டுக்குத் தொடவே இல்லை.