வேகம் கூட்டுமுன் தாய்ப்பலகையைப் பாருங்கள்

உதிரி உறுப்புகளை வாங்கி, மேசைக் கணிப்பொறியைத் தாமே பூட்டிக்கொள்ளும் மாணவர்கள் இன்று பலர் இருக்கின்றனர். இது வரவேற்கத் தக்கதே. ஒரு பொறியைத் தன் கையால் பூட்டியவன் அதை ஒருபோதும் மந்திரப் பெட்டியாக எண்ணமாட்டான். ஆனால் இவர்களில் சிலருக்கு இன்னோர் ஆசையும் உண்டு. உற்பத்தியாளர் குறித்துள்ள வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் செயலியை ஓட்டவேண்டும் என்பதே அது. இதனை ஓவர்கிளாக்கிங் என்பர். நாம் வேகமேற்றல் என்போம். "இதற்கு எந்த மதர்போர்டு வாங்கலாம், சார்?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்விபோல் இது தோன்றலாம். ஆனால் இதற்கான விடையில் பெரும்பகுதி உங்கள் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் வேகம் எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம். தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டு, ஓர் அடிப்படைத் துடிப்பை அளிக்கிறது. செயலி அதனை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 1998-இல் வெளிவந்த இண்டெல் நிறுவனத்தின் செலரான் 300ஏ என்னும் செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெருக்கெண் 4.5; பலகை அளித்த துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ்; ஆகவே வேகம் ஏறத்தாழ 300 மெகாஹெர்ட்ஸ். துடிப்பை 100-ஆக மாற்ற இடம்தரும் பலகையில் அதைப் பொருத்தியபோது வேகம் 450-ஐத் தொட்டது. ஒன்றரை மடங்கு! பல மடங்கு விலையுள்ள செயலியின் வேகம் மலிவான செயலியில் கிடைத்தது. வேகமேற்றலுக்குப் புகழ் வந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று நிலைமை வேறு. இண்டெல் வகையில், பெயரின் இறுதியில் 'கே' என்னும் எழுத்துள்ள செயலியும், 'இசட்' வரிசைச் சிப்செட் உள்ள பலகையும் சேர்ந்தால்தான் பெருக்கெண்ணை உயர்த்த முடியும் என்பது பொது விதி. ஏ.எம்.டி.யின் ரைசன் செயலிகளில் பெரும்பாலானவை திறந்தவை. அவற்றுக்கு நடுத்தர விலையுள்ள 'பி' வரிசைப் பலகையே போதும். 'ஏ' வரிசைப் பலகை இடம்தராது. எனவே பலகை வாங்குமுன் சிப்செட்டின் பெயரைப் பார்த்தாக வேண்டும். இந்தத் தடையில் பெரும்பகுதி இயற்கை விதித்ததன்று, வணிகம் விதித்தது என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இயற்கை விதிக்கும் தடை வேறோர் இடத்தில் இருக்கிறது. செயலியினுள் உள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு துடிப்பிலும் நுண்ணிய மின்தேக்கிகளைப்போல் மின்னேற்றம் பெற்று இழக்கின்றன. இதில் செலவாகும் திறன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். வேகத்தை ஓர் அளவுக்குமேல் உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்தவேண்டும். இரண்டையும் பத்து விழுக்காடு உயர்த்துவதாகக் கொள்வோம். 1.1-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.331. வேகம் கூடியது 10 விழுக்காடு; வெப்பம் கூடியதோ 33 விழுக்காடு!

இந்தத் திறனை வழங்குவதே தாய்ப்பலகையின் தலையாய வேலை. 200 வாட் திறனை 1.25 வோல்ட்டில் உட்கொள்ளும் செயலிக்கு எவ்வளவு மின்னோட்டம் தேவை? வகுத்துப் பாருங்கள்: 160 ஆம்பியர்! வீட்டிலுள்ள 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகூட 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கிறது. மின்வழங்கி தரும் 12 வோல்ட்டைக் குறைத்து, இத்தனை பெரிய மின்னோட்டமாக மாற்றித் தருவது, செயலியின் கூட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறு கருவிகள். மாஸ்ஃபெட் என்னும் மின்சாவிகள் வினாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுகின்றன. மின்தூண்டிகளும் மின்தேக்கிகளும் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்கின்றன. இந்தத் தொகுதியை வி.ஆர்.எம். என்பர்.

சுமையைப் பல கிளைகள் பகிர்ந்துகொள்வதன் பயனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கிளையின் மின்தடையும் 4 மில்லி ஓம் என்று கொள்வோம். நான்கு கிளைகள் இருந்தால் கிளைக்கு 40 ஆம்பியர். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால், கிளைக்கு 6.4 வாட், மொத்தம் 25.6 வாட் வெப்பமாக வீணாகும். எட்டுக் கிளைகள் இருந்தால் கிளைக்கு 20 ஆம்பியர். மொத்த இழப்பு 12.8 வாட். சரிபாதி! மாஸ்ஃபெட்டுகள் திறந்து மூடுவதால் ஏற்படும் இழப்பு இதில் சேராது. எனினும் சுமையைப் பகிர்வதன் பயன் இதிலிருந்து விளங்கும்.

ஆகவே, பலகையில் பார்க்கவேண்டியவை இவை. கிளைகள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது முதலாவது. எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. இரண்டு கிளைகளை ஒரே கட்டளையால் இயக்கி எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் அமைப்புகளும் உண்டு. அந்தக் கருவிகளின்மேல் கனமான, துடுப்புகள் உள்ள உலோக வெப்பத்தணிப்பான் இருக்கிறதா என்பது இரண்டாவது. தவறான அமைப்பால் கணிப்பொறி எழ மறுத்தால், பழைய நிலைக்கு எளிதில் மீட்க வழி இருக்கிறதா என்பது மூன்றாவது. பலகையில் மின்னும் வண்ண விளக்குகள் இந்த மூன்றில் எதிலும் சேரா. அவற்றுக்குக் கொடுக்கும் பணம் ஒரு ஆம்பியரைக்கூடக் கூட்டித் தராது.

இனி, இந்தச் செலவு தேவைதானா என்ற கேள்விக்கு வருவோம். இக்காலச் செயலிகள் தம் வெப்பநிலையையும் மின்னோட்டத்தையும் தாமே அளந்து, இயன்ற எல்லைவரை தாமே வேகத்தை உயர்த்திக்கொள்கின்றன. நாம் கூட்டுவதற்கு உற்பத்தியாளர் மிச்சம் வைப்பது மிகக் குறைவு. 5.5 கிகாஹெர்ட்ஸை 5.7 ஆக்கினோம் என்று வையுங்கள். பத்து நிமிடம் எடுத்த கணக்கு, மிக நல்ல நிலையில், 21 வினாடி முன்னதாக முடியும். அவ்வளவே. 1998-இன் ஒன்றரை மடங்கை இதில் எதிர்பார்க்க முடியாது.

நம் ஊர்க் கோடையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். வெப்பம் வெளியேறும் வீதம், செயலிக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. செயலியின் உச்சவரம்பு 100 பாகை செல்சியஸ் எனக் கொண்டால், 20 பாகை அறையில் வேறுபாடு 80. 36 பாகை அறையில் 64. அதாவது, அதே குளிரூட்டி இங்கே ஐந்தில் நான்கு பங்கு வெப்பத்தையே அகற்றும். குளிர்ந்த ஆய்வறையில் பலகையைச் சோதித்து எழுதும் மதிப்புரையை அப்படியே நம் அறைக்குப் பொருத்துவது தவறு.

மின்னழுத்தம் விளையாட்டுப் பொருளன்று என்பதற்கு அண்மைய சான்றுகள் இரண்டு. 2023-இல் சில ரைசன் 7000 செயலிகள் பலகையின் கூட்டிலேயே கருகின. அதன்பின் ஏ.எம்.டி. ஒரு பகுதியின் மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என வரம்பு கட்டியது. 2024-இல் இண்டெல் தன் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சிலவற்றின் தடுமாற்றத்துக்கு மிகையான மின்னழுத்தமே காரணம் எனக் கூறி, திருத்தம் வெளியிட்டதுடன் உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் இனி வரும் கேட்டைத் தடுக்கும். ஏற்கெனவே சிதைந்த செயலியைச் சீராக்காது. பெரும் நிறுவனங்களே இடறிய இடத்தில், மின்னழுத்தத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தலாமா?

"அப்படியானால் வேகமேற்றலே வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். அதில் கற்க நிறைய உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு மாறியை மாற்றி, மற்றவற்றை நிலையாக வைத்து, வெப்பநிலையைக் குறித்து, வரைபடம் வரைவது ஆய்வகப் பயிற்சியேதான். ஆனால் அதற்குப் பெற்றோர் சேர்த்து வைத்த பணத்தில் விலையுயர்ந்த பலகை வாங்கவேண்டியதில்லை. பழைய கணிப்பொறி ஒன்று போதும். கெட்டாலும் இழப்பு சிறிது. புதிய பொறிக்கு, மின்வழங்கும் பகுதி உறுதியாக உள்ள நடுத்தரப் பலகையை வாங்குங்கள். மிஞ்சும் பணத்தை நினைவகத்துக்கோ, ஒருபடி மேலான செயலிக்கோ செலவிடுங்கள். அந்தப் பயன் ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியும்.

இன்னும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். உங்கள் பலகை இடம்தந்தால், வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள். 8 விழுக்காடு குறைத்தாலே திறன் ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும் என்று அதே சமன்பாடு சொல்கிறது. எந்த அளவில் பொறி தடுமாறத் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். வேகம் அப்படியே இருக்கும். வெப்பமும் மின்விசிறியின் இரைச்சலும் குறையும். ஒரு பொறியைத் துரத்தி ஓட்டுவதைவிட, அதனிடமிருந்து குறைந்த செலவில் நிறைந்த வேலையை வாங்குவதே நல்ல பொறியியல்.