கோட்டுக்கு அந்தப் பக்கம்

மும்பை வரைபடத்தில் மாட்டுங்காவையும் தாராவியையும் பிரிப்பது ஒரு ரயில் பாதை. இரு பக்கமும் தமிழ் கேட்கும். கிழக்கே உள்ள தெருக்கள் காகிதத்தில் போடப்பட்ட பிறகு தரையில் போடப்பட்டவை. மேற்கே உள்ள சந்துகளில் முதலில் மனிதர்கள் வந்தார்கள். வரைபடக்காரர்கள் வெகு தாமதமாக வந்தார்கள்.

1896ல் பம்பாயில் பிளேக் பரவியது. 1898ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர்-மாட்டுங்கா பகுதிக்கு அகலமான சாலைகள், பூங்காக்கள், மனைகள் என்று திட்டம் போட்டது. அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள், குறிப்பாக பிராமணர்கள், அங்கே குடியேறினார்கள். தோல் பதனிடும் தொழிலுக்கோ நகருக்குள் இடமில்லை. 19ம் நூற்றாண்டின் இறுதியில் அது மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவிக்குப் போனது. கோலி மீனவர்களின் அந்தச் சதுப்பு நிலத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள், தலித்துகள், நாடார்கள் வந்தனர். குப்பையும் மண்ணும் கொட்டிக் காலடி நிலத்தை அவர்களே உண்டாக்கினார்கள். ஊர் வேறு, சேரி வேறு என்ற கிராமத்துக் கணக்கு, டிக்கெட் எடுக்காமலே பம்பாய் வந்து சேர்ந்தது.

1930களில் அமெரிக்காவின் வீட்டுக்கடன் வரைபடங்கள், கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு பூசி, கடன் தருவது ஆபத்து என்றன. பம்பாயில் சாயம் தேவைப்படவில்லை. ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒரு சொல்லே குடிநீர்க் குழாயைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது.

இதற்குப் பதிலடி செம்பூர் பக்கத்திலிருந்து வந்தது. நகரிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டு உருவான ஜனதா காலனியின் நிலம், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குத் தேவைப்பட்டது. 1976 மே மாதம், அவசரநிலையின்போது, சுமார் 70,000 பேர் மீண்டும் பெயர்க்கப்பட்டு சீட்டா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டனர். எதிர்த்துப் போராடியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். 1985ல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தபோது, தாராவியின் ஜனத்தொகைக்கு அதிகாரிகள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அற்புதத்தின் குடிசைவாசிகள் கூட்டமைப்பு 1986ல் வீடு வீடாக எண்ணியது. கிடைத்த விடை ஐந்து லட்சத்துக்கும் மேல். அரசுக் கணக்கைவிட மிக அதிகம். அற்புதத்துக்கு 2000ல் மகசேசே விருது கிடைத்தது. 2018ல் அவர் மறைந்தார்.

இப்போது மீண்டும் அளவெடுப்பு. 2022ல் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. டிரோன்களும் லேசர் கருவிகளும் சந்துகளை அளக்கின்றன. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதை நிரூபிப்பவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. அதற்காக மாநில அரசு 2024ல் ஒதுக்க முடிவு செய்த நிலங்களில் ஒன்று, செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். 1927 முதல் நகரத்தின் கழிவைச் சுமக்கும் இடம் அது. அது இருக்கும் எம்-கிழக்கு வார்டுதான் 2009ன் மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடத்தில் இருந்தது.

ஆக, நூறாண்டுக்கு முன் தோல் தொழிலாளியைச் சதுப்புக்கு அனுப்பிய நகரம், அவர்கள் மேடாக்கிய நிலம் பொன்னானதும், அங்கே வாழ்வோரில் ஒரு பகுதியினருக்குக் குப்பைமேட்டைக் காட்டுகிறது. டிரோனுக்குக் கூரை தெரியும். அதன் கீழே வாடகைக்கு இருப்பவரின் இருபது வருடம் தெரியாது. புதிய வரைபடம் இறுதியாகும் முன் ஒவ்வொரு சந்திலும் ஒட்டப்பட வேண்டும், தமிழிலும். விடுபட்டவர் தன் வீட்டைத் தானே குறித்துக்காட்ட 1986ல் முடிந்தது. இன்று முடியாது என்று சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது.