பிணத்துக்குக் கிடைத்த குடியுரிமை

2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியதும் இறந்த முதல் அமெரிக்க வீரர்களில் ஒருவர் ஹோசே அன்டோனியோ குட்டியெரஸ். குவாத்தமாலாவில் தெருவில் வளர்ந்த அநாதைப் பிள்ளை. ஆவணம் எதுவும் இல்லாமல் அமெரிக்காவுக்குள் நுழைந்து, பின்னர் கிரீன் கார்டு பெற்றுப் படையில் சேர்ந்தவர். குடியுரிமை எப்போது கொடுத்தார்கள் தெரியுமா? செத்த பிறகு.

அவருக்குக் கிரீன் கார்டாவது இருந்தது. அது இல்லாதவர்களைப் பொதுவாகப் படையில் சேர்ப்பதில்லை. சிறுவயதில் பெற்றோர் அழைத்துவந்து, டாகா திட்டத்தின் தற்காலிக அனுமதியில் வாழும் இளைஞர்களுக்கு 2014இல் ஒரு சிறு வாசல் திறந்தது. அதுவும் தேவைப்பட்ட மொழியோ மருத்துவமோ தெரிந்தவர்களுக்கு மட்டும். 2016இல் அதையும் மூடிவிட்டார்கள்.

திறக்க வேண்டும் என்பதே என் கருத்து. தோழர்கள் சிலர் கோபப்படுவார்கள்: ஏகாதிபத்தியப் போருக்கு ஏழைப் பிள்ளைகளைப் பலி கொடுப்பதா? நியாயமான கேள்விதான். ஆனால் மூடிய வாசல் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுபேதார். படிப்பு அந்த வீட்டுக்குள் வந்ததில் அந்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. 1890களில் மகர்களைச் சேர்ப்பதை வெள்ளையர் நிறுத்தினார்கள். போர்க்குணம் உள்ள சாதி இல்லையாம்! முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது கூப்பிட்டார்கள், முடிந்ததும் கலைத்தார்கள். மகர் ரெஜிமென்ட் அமைய 1941 ஆயிற்று.

அதற்காக, சீருடைதான் குடியுரிமைக்கு விலை என்றால் ஒப்பமாட்டேன். பகத் சிங் திண்ட் என்றொருவர் (தூக்குமேடை ஏறிய பகத் சிங் அல்ல). முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இருந்த பஞ்சாபி. வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்ற சட்டத்தின் முன், தான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று வாதாடினார். சாதி கப்பலேறிப் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? 1923இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். முன்னாள் வீரர்களுக்கென 1935இல் வந்த சட்டம்தான் அவரைக் குடிமகனாக்கியது. கலிபோர்னியா வயல்களில் உழைத்த மற்ற இந்தியர்களோ 1946 வரை காத்திருந்தார்கள். படைவாசல் ஒருவரை உள்ளே விட்டது; மற்றவர்களுக்குக் கதவு மூடியே கிடந்தது.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டையும். சேர விரும்புபவருக்குச் சேரும் அன்றே குடியுரிமை. தக்காளி பறிப்பவருக்கும் அதே உரிமை.

இல்லையேல் என்ன நடக்கும் என்பதை மெக்சிகோவின் தீஹுவானாவில் பார்க்கலாம். கிரீன் கார்டோடு அமெரிக்கப் படையில் பணியாற்றி, பிறகு ஏதோ ஒரு வழக்கில் தண்டனை பெற்றதால் நாடு கடத்தப்பட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். நற்சான்றோடு படையிலிருந்து விடுபட்டவர் இறந்தால், ராணுவ மரியாதையோடு அமெரிக்க மண்ணில் புதைக்கத் தகுதி உண்டு. உயிரோடு திரும்புவதுதான் அரிது.