வகுப்பறையில் ஓர் அடைக்கோழி

விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் 33 மணிநேரக் கோழிக் கருவை நுண்ணோக்கியில் கண்டவர்கள் நாம். படம் வரைந்தோம், பாகம் குறித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். அது உயிரோடு இருந்த ஒன்று என்பது எத்தனை பேர் மனத்தில் பதிந்தது?

என் தாயார் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எனினும் அடை வைத்த ஏழாம் நாள் முட்டையை விளக்கொளியில் பிடித்து, உள்ளே சிவந்த நரம்பு ஓடுகிறதா என்று பார்த்துக் கூமுட்டையை ஒதுக்கிவிடுவார். 21ஆம் நாள் குஞ்சு வரும் என்பதும் அவருக்குத் தெரியும். அதுவும் கருவியல்தான் என்று கல்லூரிக்கு வந்த பின்னரே எனக்குப் புரிந்தது. வெட்கத்துடன் சொல்கிறேன்.

ஆகவே கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலேயே ஓர் அடைக்கோழியை வைக்க வேண்டும் என்பேன். பொரிப்புப் பெட்டி வேண்டாம். மின்சாரம் நின்றால் பாடமும் நின்றுவிடும்! கூடை, வைக்கோல், பத்து முட்டைகள் போதும். சூடு காப்பதும் முட்டைகளைப் புரட்டுவதும் கோழியின் வேலை. நாள்தோறும் பார்த்து எழுதுவது பிள்ளைகளின் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் தீனி வைக்க ஆள் வேண்டும். கோழிக்கு விடுமுறை ஏது?

“பத்தும் பொரிக்காதே, பிள்ளைகள் அழமாட்டார்களா?” என்றார் நண்பர் ஒருவர். அழட்டும். பருந்து குஞ்சைத் தூக்குவதைக் கண்ட பிள்ளைகள்தாம் அவர்கள். என் அச்சம் வேறு. மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றில் இருப்பதால் குஞ்சு இரண்டு நாள் தீனியின்றித் தாங்கும். அதன் பிறகு யார் பொறுப்பு? கோழியைக் கொடுத்தவர் வீட்டுக்கே குஞ்சுகளும் போகவேண்டும். அதை அடை வைக்கும் அன்றே பேசி முடித்துவிட வேண்டும்.