விலக்கு உண்டு, விடுதலை இல்லை!

ஹரியாணா மாநிலம் ஃபரீதாபாத் அருகே உள்ள சூரஜ்குண்டில் 1987-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கைவினைத் திருவிழாவுக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் கைவினைஞர்கள் வந்து கடை விரிக்கிறார்கள். தலைநகர் தில்லியில் 1994 முதல் இயங்கிவரும் தில்லி ஹாட்டில், பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை கடைகளில் ஆள்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பஸ்தரின் டோக்ரா வார்ப்பு, பிகாரின் மதுபனி ஓவியம், சுவாமிமலையின் உலோகச் சிற்பம், பத்தமடையின் கோரைப்பாய் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைப்பதில் தலைநகரவாசிகளுக்கு மகிழ்ச்சிதான். அந்தப் பொருள்களோடு ஒரு கைவினைஞர் மாநில எல்லையைத் தாண்டும்போது வரிச் சட்டம் அவரை என்னவாகப் பார்க்கிறது என்பது, வாங்குபவர்களின் கண்ணுக்குத் தெரியாத தனிக் கதை.

2017 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், தனக்கு நிலையான வியாபார இடம் இல்லாத மாநிலத்தில் எப்போதாவது சென்று விற்பவரைத் 'தற்காலிக வரி செலுத்துவோர்' என்று வகைப்படுத்துகிறது. விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவருக்குப் பதிவு கட்டாயம். வியாபாரம் தொடங்குவதற்குக் குறைந்தது 5 நாள்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எவ்வளவு விற்கும் என்று தாமே கணித்து, அதற்கான வரியை முன்கூட்டியே செலுத்த வேண்டும். பதிவு 90 நாள்களுக்குச் செல்லும். மேலும் 90 நாள்கள் நீட்டிக்கலாம். செலுத்தியது மிகுதியானால், எல்லாக் கணக்குகளையும் தாக்கல் செய்த பிறகே திரும்பக் கிடைக்கும். மழை பெய்தால் கூட்டம் வருமா என்றே தெரியாத ஒரு மண்பாண்டக் கலைஞர், விற்காத பானைக்கு முன்பணமாக வரி கட்டுவது எப்படி என்பதைச் சட்டத்தை வரைந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

எதிர்ப்பு எழாமல் இல்லை. சட்டம் வந்து மூன்று மாதங்கள்கூட ஆகாத நிலையில், 2017 செப்டம்பர் 9-ஆம் தேதி ஹைதராபாதில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் கைவினைஞர்களுக்கு ரூ. 20 லட்சம் விற்றுமுதல் வரை பதிவிலிருந்து விலக்கு அளிக்க முடிவு செய்தது. சிறப்பு வகை மாநிலங்களுக்கு இந்த வரம்பு ரூ. 10 லட்சம். 2018 அக்டோபரில் வெளியான மற்றோர் அறிவிக்கை இந்த விலக்கைக் கையால் செய்யப்படும் பிற பொருள்களுக்கும் விரிவுபடுத்தியது. இது வரவேற்கத்தக்க திருத்தம் என்பதில் ஐயமில்லை.

ஆனால், இந்த விலக்கு நிபந்தனைகளுடன் வருகிறது. பான் எண் வேண்டும். சாதாரண வியாபாரிக்கு ரூ. 50,000-க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் 'இ-வே பில்' என்பது பொது விதி. பதிவு விலக்கு பெற்ற கைவினைஞர் தம் பொருள்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்லும்போதோ, சரக்கின் மதிப்பு எதுவாயினும் 'இ-வே பில்' எடுத்தாக வேண்டும். ஐயாயிரம் ரூபாய் பொம்மைகளுக்கும் அதே விதிதான். பெரிய வியாபாரிக்கு இல்லாத கட்டாயம் சிறியவருக்கு இருப்பது விந்தை! ஆவணம் இல்லாத சரக்கை வழியிலேயே நிறுத்தி வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. திருவிழா தொடங்கிய பிறகு வந்து சேரும் சரக்கால் யாருக்கு என்ன பயன்?

இதைவிடச் சிக்கலானது விற்றுமுதலைக் கணக்கிடும் முறை. கைவினைக் கிராமங்களிலிருந்து எல்லோரும் தலைநகருக்கு வர முடியாது. ரயில் கட்டணம், தங்குமிடம், கடைக்கான இடம் ஆகியவற்றைக் கருதி ஒருவரோ இருவரோதான் புறப்படுகிறார்கள். அண்டை வீட்டுக்காரர், உறவினர், மகளிர் சுயஉதவிக் குழுவினர் செய்த பொருள்களையும் தம் மூட்டையில் கட்டிக்கொள்கிறார்கள். விற்ற பணத்தை ஊருக்குத் திரும்பியதும் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். தலைமுறைகளாக நம்பிக்கையின் பேரில் நடந்துவரும் ஏற்பாடு இது. ஜிஎஸ்டி சட்டத்தின் 22-ஆவது பிரிவில் உள்ள விளக்கமோ, ஒருவர் தமக்காக விற்றதை மட்டுமல்லாமல் பிறர் சார்பில் விற்றதையும் அவருடைய மொத்த விற்றுமுதலில் சேர்க்கச் சொல்கிறது. பத்துக் குடும்பங்களின் உழைப்பு ஒருவரின் வருமானமாகத் தாளில் பெருத்து, ரூ. 20 லட்சம் என்கிற வரம்பை எட்டிவிடக்கூடும். அவர் கையில் நின்றது அதில் ஒரு சிறு பங்குதான் என்பதை நிரூபிக்க ரசீதுக்கு எங்கே போவார்?

முன்பு ரொக்கமாகக் கைமாறிய பணம் இப்போது கைப்பேசி வழியாக ஒரே வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. 2025 ஜூலையில், கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை அடிப்படையாகக் கொண்டு சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், அதனால் எழுந்த கொந்தளிப்பும் நினைவிருக்கலாம். பழைய நிலுவையை வசூலிப்பதில்லை என்று அந்த மாநில அரசு பின்னர் இறங்கிவந்தது. திருவிழாக் கடைக்காரர்களுக்கும் அத்தகைய நோட்டீஸ் வராது என்று எவரும் உறுதி கூற முடியாது.

2019 ஏப்ரல் 1 முதல் பொருள்களை மட்டும் விற்போருக்கான பதிவு வரம்பு பெரும்பாலான மாநிலங்களில் ரூ. 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. கட்டாயப் பதிவுப் பிரிவில் வருவோருக்கு அந்தச் சலுகை இல்லை என்பதால், சொந்த ஊரில் கடை வைத்திருப்பவருக்கு 40 லட்சம், ஊர் ஊராகச் சென்று விற்கும் கைவினைஞருக்கு 20 லட்சம் என்கிற பாகுபாடு நீடிக்கிறது. பதிவு இல்லாதோர் இணைய விற்பனைத் தளங்களில் விற்க 2023 அக்டோபர் முதல் அனுமதி உண்டு. ஆனால், சொந்த மாநிலத்துக்குள் மட்டும். சூரஜ்குண்டில் பாய் வாங்கிய தில்லிக்காரர், ஊருக்குத் திரும்பிய கைவினைஞரிடம் இன்னொரு பாயை இணையத் தளம் வழியாக வாங்க விரும்பினால் சட்டம் குறுக்கே நிற்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் கைவினைப் பொருள்கள் பலவற்றுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது உண்மை. பதிவே இல்லாதவர் வரி வசூலிப்பதில்லை. ஆகவே, இந்தக் குறைப்பால் அவருக்கு நேரடிப் பயன் இல்லை. செம்பு வாங்கும்போது செலுத்தும் 18 சதவீத வரியையும் அவர் திரும்பப் பெற முடியாது.

கைவினைஞர் என்ற போர்வையில் இயந்திரத் தயாரிப்புகளை விற்கும் வியாபாரிகள் திருவிழாக்களில் நுழைகிறார்கள் என்ற அதிகாரிகளின் கவலையில் நியாயம் உண்டு. அதற்கு மருந்து அரசின் கையிலேயே இருக்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைத் துறை ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்கு 'பெஹ்சான்' அடையாள அட்டை வழங்குகிறது. அந்த அட்டை வைத்திருப்பவருக்கு ரூ. 40 லட்சம் வரை விலக்கு, பிறர் பொருள்களை விற்றால் அவரவர் அட்டை எண்ணின் பெயரில் கணக்கு, ரூ. 50,000-க்குக் குறைந்த சரக்குக்கு 'இ-வே பில்' தேவையில்லை என்று அறிவித்தால் அரசின் கருவூலம் காலியாகிவிடாது.

யார் இதைக் கேட்பது என்பதுதான் கேள்வி. கைவினைஞர்களின் குரலை அரசிடம் கொண்டுசெல்வதற்கென்று இருந்த அகில இந்திய கைவினைப் பொருள்கள் வாரியம் 2020 ஆகஸ்டில் கலைக்கப்பட்டது. ஜிஎஸ்டி விதிகளும் அறிவிக்கைகளும் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகின்றன. கட்டுக்கட்டாக வரும் அந்தக் காகிதங்கள் விவாதமின்றிக் கடந்துபோகின்றன. முடிவெடுப்பது கவுன்சில்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வலிமை மாநிலங்களுடையது. திருவிழா நடத்தும் ஹரியாணாவின் நிதியமைச்சருக்கும், கைவினைஞர்களை அனுப்பிவைக்கும் தமிழகம், பிகார், சத்தீஸ்கர் நிதியமைச்சர்களுக்கும் அங்கே இருக்கை இருக்கிறது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க அவர்களில் ஒருவர் கடிதம் எழுதினால் போதும்.